வேவ் என்று பெயர், உள்ளே வேறு வரிசை: சுங்கை சிப்புட் ஒலிப்பதிவுகள் குறித்த நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வேலை செய்து ஓய்ந்த முதியவர்களின் பேச்சு, 1990களில் கேசட்டில் பதிவு செய்யப்பட்டது. பால்மரம் சீவிய காலம், லயத்து வாழ்க்கை, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பி வந்தவர்களின் நினைவு, 1948 ஜூன் 16 அன்று இந்த ஊருக்குப் பக்கத்துத் தோட்டங்களில் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்த நாட்கள், அப்புறம் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் வேலையும் வீடும் போன குடும்பங்களின் கதை. எல்லாமே அவரவர் வாயால் சொன்னவை. சொன்னவர்களில் பெரும்பாலோர் இன்று நம்மோடு இல்லை. அதனால் இந்தக் கோப்புகளை வெறும் கோப்புகளாக என்னால் பார்க்க முடியவில்லை.

2000களின் நடுவில் யாரோ ஒருவர் இந்தக் கேசட்டுகளைப் பழைய ஆப்பிள் கணினி ஒன்றில் ஓட்டிக் கோப்புகளாக மாற்றியிருக்கிறார். சில ஆண்டுகள் கழித்து இன்னொருவர் அவற்றை விண்டோஸ் கணினிக்குக் கொண்டுவந்து, பெரும்பகுதியைச் சிறு நிரல் ஒன்றால் மாற்றி, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பெயர் வைத்துப் பின்னொட்டை வேவ் (.wav) என்று ஆக்கியிருக்கிறார். கோவில் மண்டபத்தில் ஒரு கண்காட்சிக்காகக் கமிட்டி அந்த ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. டிஸ்க் என் கடைக்கு வந்தது.

கோப்புகள் மூன்று விதமாக நடந்துகொண்டன. சில, மண்டபத்து டிவியில் பென்டிரைவை மாட்டினால் திறக்கவே இல்லை. சில திறந்தன, ஆனால் காதைக் கிழிக்கும் இரைச்சல் மட்டும் வந்தது. கூர்ந்து கேட்டால் அந்த இரைச்சல் ஏறி இறங்குவதில் ஒருவர் பேசுகிற தாளம் இருந்தது. மூன்றாவது வகை நன்றாகவே ஓடியது. பேச்சு புரிந்தது, பின்னால் பழைய டேப்பின் கரகரப்பு மட்டும் இருந்தது. மூன்றாவது வகையைக் கமிட்டி 'நல்லவை' என்று ஒதுக்கிவைத்துவிட்டு, மற்ற இரண்டையும் கைவிடத் தயாராக இருந்தது.

"கேசட்டுல பூஞ்சை பிடிச்சிருக்கும் தம்பி. இந்த ஊரு ஈரத்துக்கு எந்த டேப்பு தாங்கும்?" என்றார் கமிட்டியில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்.

"பூஞ்சைன்னா சத்தம் மங்கும் சார், நடுநடுவுல விட்டுப்போகும். இது அப்படி இல்லையே. ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் ஒரே சீரா, முழு வேகத்துல அடிக்குது" என்றேன்.

நம் தட்பவெப்பத்தில் கேசட்டில் பூஞ்சை பிடிப்பது உண்மைதான், அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் டேப் கெட்டுப்போனால் அதன் பாதிப்பு இடத்துக்கு இடம் மாறும். இப்படி அளவெடுத்தாற்போல் சீராக வரும் இரைச்சல் கணக்கில் வந்த கோளாறு. எனவே கேட்பதை நிறுத்திவிட்டு, கோப்பின் உள்ளே இருக்கும் எண்களை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் கோப்புகளைத் திறந்து பைட்களைப் (ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரையிலான ஓர் எண்) படிக்க ஆரம்பித்தேன்.

கண்டதைச் சொல்வதற்கு முன் இந்தக் கோப்புகளின் கட்டமைப்பைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். 1985-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ஜெர்ரி மாரிசன் ஐஎஃப்எஃப் என்ற அமைப்பை எழுதி வெளியிட்டார். அதன் கருத்து எளிமையானது. கோப்பு முழுக்கத் துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் நான்கு எழுத்தில் அதன் பெயர், அடுத்து நான்கு பைட்டில் அதன் நீளம், அதற்குப் பிறகு உள்ளடக்கம். உங்கள் மென்பொருளுக்கு ஒரு துண்டின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நீளத்தைப் படித்து அவ்வளவு தூரம் தாண்டி அடுத்த துண்டுக்குப் போய்விடலாம். நீளம் ஒற்றைப்படையாக இருந்தால் இறுதியில் ஒரு வெற்று பைட்டைச் சேர்த்து இரட்டைப்படை ஆக்க வேண்டும், அந்த வெற்று பைட்டை நீளத்தில் கணக்கிடக் கூடாது. இந்தச் சிறிய விதியை மறக்காமல் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஐஎஃப்எஃப் அமிகா கணினியில் பிறந்தது. அதிலிருந்த மோட்டரோலா 68000 சில்லு எண்களைப் பெரிய பகுதி முன்னால் வரும்படி எழுதும். இதை பிக் எண்டியன் என்கிறோம். 1988-இல் ஆப்பிள் தன் ஒலிக்கோப்பான ஏஐஎஃப்எஃப்-ஐ இதே அச்சில் வார்த்தது. அன்றைய மெக்கின்டோஷிலும் 68000 குடும்பம்தான், ஆகவே அதுவும் பிக் எண்டியன். 1991-இல் மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் அதே துண்டு யோசனையை எடுத்து ஆர்ஐஎஃப்எஃப் என்று கொண்டுவந்தார்கள். வேவ் ஒலியும் ஏவிஐ வீடியோவும் அதன் பிள்ளைகள். இன்டெல் சில்லு சிறிய பகுதியை முன்னால் எழுதும் லிட்டில் எண்டியன் வகை என்பதால் நீளங்களும் மற்ற எண்களும் அப்படியே திரும்பிவிட்டன. துண்டின் நான்கு எழுத்துப் பெயர் மட்டும் இரண்டிலும் படிக்கிற வரிசையிலேயே நிற்கும். ஆக எழுத்துகளைப் பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். எண்களைப் பார்க்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரே சேனலில், 16 பிட்டில் (அதாவது இரண்டு பைட்டில்), நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒரு கணத்து ஒலியின் அளவு) வீதம் ஒரு நிமிட ஒலி 5,292,000 பைட். ஏஐஎஃப்எஃப்-இல் ஒலி இருக்கும் துண்டின் பெயர் எஸ்எஸ்என்டி. அதன் தொடக்கத்தில் எட்டு பைட் கூடுதல் தகவல் இருப்பதால் நீளம் 5,292,008. அது 0, 80, 191, 232 என்ற நான்கு பைட்களாக எழுதப்பட்டிருக்கும் (ஹெக்ஸில் காட்டுவதைச் சாதாரண எண்ணாக மாற்றித் தருகிறேன்). இதே நான்கை லிட்டில் எண்டியன் என்று நினைத்துப் பின்னாலிருந்து படித்தால் 3,904,851,968 என்று வரும். ஐந்து மில்லியன் பைட் கோப்புக்குள் கிட்டத்தட்ட நான்கு பில்லியன் பைட் துண்டு இருக்கிறதாம்! நல்ல மென்பொருள் அங்கேயே நின்றுவிடும், மோசமானது தடுமாறி விழும்.

திறக்காத முதல் வகையின் காரணம் இதுதான். அந்தக் கோப்புகள் ஏஐஎஃப்எஃப்-ஆகவே இருந்தன, மாற்றுகிற நிரல் அவற்றைத் தொடவில்லை, பெயரில் மட்டும் வேவ் ஏறியிருந்தது. முதல் நான்கு எழுத்து எஃப்ஓஆர்எம், ஒன்பதாவது பைட்டிலிருந்து ஏஐஎஃப்எஃப் என்று தெளிவாக எழுதியிருந்தது. விஎல்சி போன்ற மென்பொருள் உள்ளடக்கத்தைப் பார்த்து முடிவெடுப்பதால் அதில் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடியிருக்கும். மண்டபத்து டிவி பின்னொட்டை நம்பி வேவ் தலைப்பை (கோப்பின் தொடக்கத்தில் அதன் வகையையும் விவரங்களையும் சொல்லும் பகுதி) தேடியது, அது இல்லாததால் மறுத்துவிட்டது. பெயரைத் திருத்தியதும் இந்த வகைக்கு வைத்தியம் முடிந்தது.

அதிலும் ஒரு கிளை உண்டு. சிலவற்றில் ஏஐஎஃப்எஃப்-க்குப் பதில் அதன் விரிவாக்கமான ஏஐஎஃப்சி என்று இருந்தது. ஒலியின் விவரங்களைச் சொல்லும் அதன் சிஓஎம்எம் துண்டில், சுருக்கு முறை எழுதும் இடத்தில், எஸ், ஓ, டபிள்யூ, டி என்று நான்கு எழுத்து. தலைப்பில் உள்ள எண்கள் எல்லாம் பிக் எண்டியன், ஆனால் ஒலி சாம்பிள்கள் மட்டும் லிட்டில் எண்டியன் என்பதற்கு ஆப்பிள் வைத்திருக்கும் அடையாளம் அது. 'ஆப்பிள் கோப்பு என்றால் பைட்டைத் திருப்பு' என்று பொதுவாக ஒரு நிரல் எழுதி ஓட்டினால், இந்த நல்ல கோப்புகளை நாமே இரைச்சலாக்கிவிடுவோம். இந்த வேலையில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான்: ஒரு கோப்புக்கு ஒரே ஒரு பைட் வரிசைதான் என்று நினைக்கவே கூடாது. தலைப்பின் வரிசை ஒரு கேள்வி, உள்ளே இருக்கும் ஒலியின் வரிசை வேறொரு கேள்வி. ஆப்பிளின் பிந்தைய சிஏஎஃப் அமைப்பிலும் தலைப்பு எப்போதும் பிக் எண்டியன், ஒலி எப்படியும் இருக்கலாம், அதைச் சொல்ல ஒரு கொடி உண்டு. எதிர்ப்பக்கத்தில் ஆர்ஐஎஃப்எக்ஸ் என்று தொடங்கும் கோப்பு, எண்கள் எல்லாம் பிக் எண்டியனாகத் திருப்பப்பட்ட ஆர்ஐஎஃப்எஃப். மிடி இசைக்கோப்பு பிக் எண்டியன், அதையே ஆர்ஐஎஃப்எஃப் உறைக்குள் போட்ட ஆர்எம்ஐ கோப்பில் உறை லிட்டில் எண்டியன், உள்ளே இருப்பது பிக் எண்டியன்.

இனி இரைச்சல் வகை. இவற்றின் தலைப்பு கச்சிதமாக இருந்தது. ஆர்ஐஎஃப்எஃப், வேவ், 44,100, 16 பிட், ஒரு சேனல், எல்லாம் சரி. எந்தச் சோதனை மென்பொருளும் 'இது முறையான வேவ் கோப்பு' என்றுதான் சொல்லும். ஆனால் ஒலி இருக்கும் டேட்டா துண்டுக்குள் போய், பேசுபவர் மூச்சு வாங்குகிற அமைதியான இடத்தைப் பார்த்தபோது விஷயம் வெளிப்பட்டது. அமைதியான இடத்தில் சாம்பிள் மதிப்பு சுழியத்தை ஒட்டியே இருக்கும். அப்போது ஒவ்வொரு ஜோடி பைட்டிலும் பெரிய பகுதிக்குரிய பைட் 0 ஆகவோ 255 ஆகவோ இருந்தாக வேண்டும். வேவ் கோப்பில் அது ஜோடியின் இரண்டாவது பைட்டாக வரவேண்டும். இங்கே வரிசையாக முதல் பைட்டில் நின்றது. ஒலி பிக் எண்டியன், உறை லிட்டில் எண்டியன்.

நடந்ததை ஊகிப்பது கடினமில்லை. மிக எளிய ஏஐஎஃப்எஃப் கோப்பில் ஒலிக்கு முன்னால் 54 பைட் இருக்கும்: எஃப்ஓஆர்எம் பகுதிக்கு 12, சிஓஎம்எம் துண்டுக்கு 26, எஸ்எஸ்என்டி துண்டின் தலைக்கு 16. எளிய வேவ் கோப்பின் தலைப்பு 44 பைட். அந்த நிரல் முன்னால் இருந்த 54 பைட்டை வெட்டி எறிந்துவிட்டு 44 பைட் வேவ் தலைப்பை ஒட்டியிருக்கிறது. சாம்பிள்களைத் திருப்பவே இல்லை.

திருப்பாமல் விட்டால் ஏன் இவ்வளவு கொடூரமான சத்தம்? 16 பிட் ஒலியில் மதிப்பு -32,768 முதல் 32,767 வரை போகும். மெல்லிய பேச்சின் ஒரு சாம்பிள் 100 என்று வைத்துக்கொள்வோம். பைட் இடம் மாறினால் அது 25,600 ஆகிறது. 127 என்பது 32,512 ஆகும், அதற்கு அடுத்த 128 ஒரேயடியாக -32,768-க்கு விழும். 256 என்ற மதிப்போ 1 ஆகச் சுருங்கும். பெரியவரின் முணுமுணுப்பு முழு ஒலியாக அலறும், அழுத்திச் சொன்ன சொல் சிதறும். ஆனால் 0 மட்டும் 0-ஆகவே இருக்கும், -1 அப்படியே -1-ஆக இருக்கும். அதனால் முழு அமைதி அமைதியாகவே வந்து, இரைச்சலுக்குள் பேச்சின் தாளம் தப்பிப் பிழைக்கிறது. ஒலி எதுவும் தொலையவில்லை என்பதற்கு அந்தத் தாளமே சாட்சி. ஒவ்வொரு பைட்டும் கோப்பில் இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். என்னை உலுக்கியது மூன்றாவது வகை, அதாவது 'நல்லவை'.

அதே நிரலிலிருந்து வந்த கோப்புகள், அதே ஆப்பிள் கணினியின் பதிவுகள். அப்படியானால் அவையும் இரைச்சலாகத்தானே இருக்க வேண்டும்? ஏன் பேச்சு புரிகிறது? தலைப்பைப் படித்தபோது ஒரு துப்பு கிடைத்தது. டேட்டா துண்டின் நீளம் ஒற்றைப்படை எண். 16 பிட், ஒரே சேனல் என்றால் ஒரு சாம்பிளுக்கு இரண்டு பைட், மொத்தம் ஒற்றைப்படையாக வரவே முடியாது. டேட்டாவின் முதல் சில பைட்களைப் பார்த்தேன். ஒலி இல்லை, எழுத்து இருந்தது. ஆங்கில எழுத்தில் தட்டிய ஒரு தமிழ்ப் பெயரின் பின்பகுதி. அதற்கு அடுத்து எஸ்எஸ்என்டி.

ஏஐஎஃப்எஃப்-இல் பதிவின் பெயரை எழுத என்ஏஎம்இ என்று ஒரு துண்டு உண்டு. முதலில் பதிவு செய்தவர் அக்கறையான மனிதர். சில பதிவுகளில் தோட்டத்தின் பெயரையும் பேசியவரின் பெயரையும் அதில் எழுதி வைத்திருந்தார். அந்தத் துண்டு ஒலிக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததால், இந்தக் கோப்புகளில் ஒலி 54-ஆவது பைட்டுக்குப் பிறகு தொடங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு 54 பைட்டை வெட்டிய நிரல், பெயரின் முதல் எட்டு எழுத்துகளை வெட்டிவிட்டு மீதியை ஒலி என்று நினைத்து உள்ளே தள்ளிவிட்டது. இந்தப் பதிவுகளின் தொடக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அது ஒரு மனிதரின் பெயர்.

இப்போது அந்த வெற்று பைட் விதிக்கு வருவோம். பெயரின் நீளம் ஒற்றைப்படையாக இருந்தபோது, அன்றைய பதிவு மென்பொருள் இறுதியில் சேர்க்க வேண்டிய வெற்று பைட்டைச் சேர்க்கவில்லை. அதனால் அதன் பின்னால் வந்த ஒலி முழுவதும் ஒரு பைட் தள்ளித் தொடங்கியது. பிக் எண்டியன் ஒலியை ஒரு பைட் தள்ளி லிட்டில் எண்டியனாகப் படித்தால், ஒரு சாம்பிளின் சிறிய பகுதியும் அடுத்த சாம்பிளின் பெரிய பகுதியும் ஜோடி சேரும். பக்கத்துப் பக்கத்துச் சாம்பிள்களின் பெரிய பகுதி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். ஆகவே ஒலி ஏறத்தாழ சரியாகக் கேட்கும். இரண்டு தப்பும் ஒன்றை ஒன்று மறைத்துவிட்டன.

முழுதாக மறைக்கவில்லை. அடுத்தடுத்த சாம்பிள்கள் 3, -2 என்று வைத்துக்கொள்ளுங்கள். கலந்தால் -253 வரும். -2, 3 என்றால் 254 வரும். சுழியத்தைச் சுற்றி ஆடும் அமைதியான இடங்களில்தான் இது அதிகம் நடக்கும், அதனால் அங்கே ஒரு கரகரப்பு படரும். பழைய கேசட்டின் கரகரப்பு என்று எல்லோரும் நினைத்தது இதைத்தான். கமிட்டி இந்தக் கோப்புகளுக்கு இரைச்சல் நீக்கும் மென்பொருள் வாங்கலாமா என்றுகூடப் பேசிக்கொண்டிருந்தது. அதை ஓட்டியிருந்தால் கரகரப்போடு குரலின் நுட்பமும் போயிருக்கும், உண்மையான காரணமும் என்றென்றைக்கும் புதைந்திருக்கும். எனக்கு இந்த வகைக் கோளாறு இரைச்சலை விட ஆபத்தாகத் தெரிகிறது. அலறுகிற கோப்பை யாராவது பார்ப்பார்கள். சுமாராக ஓடுகிற கோப்பை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

சரி, மீட்ட விதம். முதலில் டிஸ்க் முழுவதையும் அப்படியே நகல் எடுத்து, மூலத்தைத் தொடாமல் வைத்தேன். பிறகு பைதான் என்ற நிரல் மொழியில் ஒரு சிறு நிரல். பின்னொட்டைப் பார்க்கவே இல்லை, முதல் 12 பைட்டை மட்டும் படித்து வகை பிரித்தது. துண்டு துண்டாக நடக்கும்போது, அடுத்த பெயர் இருக்க வேண்டிய இடத்தில் படிக்கத்தக்க எழுத்து இல்லையென்றால், வெற்று பைட் விடுபட்டிருக்கிறதா என்று ஒரு பைட் பின்னால் போய்ப் பார்த்தது. வேவ் தலைப்பு உள்ளவற்றில் டேட்டாவின் முதல் சில நூறு பைட்டுக்குள் எஸ்எஸ்என்டி என்ற எழுத்துத் தொடர் இருந்தால், ஒலி அதற்கு 16 பைட் தள்ளித் தொடங்குகிறது என்று எடுத்துக்கொண்டது.

ஒலியின் வரிசையை முடிவு செய்ய ஊகம் எதுவும் வேண்டாம், கணக்கே போதும். பிக், லிட்டில் என்று இரண்டு வரிசை, ஒலி ஒற்றை இடத்தில் தொடங்குகிறதா இரட்டை இடத்தில் தொடங்குகிறதா என்று இரண்டு நிலை, ஆக நான்கு விதமாகப் படித்துப் பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் அடுத்தடுத்த சாம்பிள்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைக் கூட்டினால், சரியான விதத்தில்தான் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும், ஏனென்றால் மனிதக் குரல் ஒரு சாம்பிளுக்கும் அடுத்ததற்கும் இடையில் அவ்வளவு தாவாது. இரைச்சல் வகையில் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் இருந்தது. கரகரப்பு வகையில் நெருக்கமாக இருந்தாலும் சரியானது தெளிவாகவே பிரிந்து நின்றது. பைதானின் ஸ்ட்ரக்ட் தொகுதியில் > என்றால் பிக், < என்றால் லிட்டில். இந்த ஒரு குறியை மாற்றியதும் குரல் வந்துவிட்டது. இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று: ஏஐஎஃப்எஃப் படிக்கும் தொகுதியும் துண்டு படிக்கும் தொகுதியும் 2024-இல் வந்த பைதான் 3.13-இலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. பழைய நிரல் வைத்திருந்தால் புதிய பைதானில் ஓடாது. ஒலிக்கோப்புகளை மாற்றும் கருவிகளான எஃப்எஃப்எம்பெக், சாக்ஸ் இரண்டுமே மூல ஒலியை பிக் எண்டியன் என்று சொல்லிக்கொடுத்தால் ஒழுங்காகப் படிக்கும்.

பெயர்கள் எனக்கு ஒலியைப் போலவே முக்கியம். வெட்டுப்பட்ட எட்டு எழுத்து திரும்ப வராது. ஆனால் தோட்டத்தின் பெயரை முதலில் எழுதியிருந்ததால் வெட்டு பெரும்பாலும் அதில்தான் விழுந்திருந்தது, பேசியவரின் பெயர் தப்பியிருந்தது. ஒரு பதிவில் பெயரைப் படித்துச் சொன்னதும் கமிட்டியில் இருந்த அக்கா ஒருவர், "அது எங்க பாட்டி, தம்பி. எந்தத் தோட்டம்னு நான் சொல்றேன், எழுதிக்குங்க" என்றார். இப்படியே உறவுக்காரர்களைக் கேட்டு மற்றத் தோட்டப் பெயர்களையும் நிரப்பினோம். இப்போது ஒவ்வொரு வேவ் கோப்பிலும் தகவலுக்குரிய துண்டில் பேசியவர் பெயரும் தோட்டமும் இருக்கின்றன, நீளம் ஒற்றைப்படையானால் வெற்று பைட்டோடு. அதே விவரம் தனியாக ஒரு எழுத்துக்கோப்பிலும் இருக்கிறது.

மீளாதவையும் உண்டு. இரைச்சல் வகையில் சிலவற்றை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்காக எம்பி3 ஆக்கிவிட்டு வேவ் கோப்பை அழித்திருக்கிறார்கள். எம்பி3, காதுக்குத் தேவையில்லை என்று நினைப்பதை எறிந்துவிட்டு ஒலியைப் புதிதாக வரைகிறது. அந்த இரைச்சலில் நமக்கு வேண்டியது ஒவ்வொரு பைட்டின் துல்லியமான மதிப்பு, அது போய்விட்டது. இனி திருப்புவதற்கு எதுவும் இல்லை. இவற்றுக்குக் கேசட்தான் கதி. பழைய கேசட்டுகள் ஒரு குடும்பத்திடம் பெட்டியில் இருப்பதாகத் தெரிந்து ஆசிரியர் கேட்டு வாங்கியிருக்கிறார். பூஞ்சை பிடித்த கேசட்டை அப்படியே டெக்கில் போட்டால் டேப்பைப் படிக்கும் தலையும் கெடும், டேப்பும் கெடும், பூஞ்சை அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். அதனால் உலர்த்திச் சுத்தம் செய்த பிறகு ஓட்டப் போகிறோம். நேரடியாக 24 பிட் வேவ் கோப்பாகவே எடுக்கிறோம். அதில் சாம்பிளுக்கு மூன்று பைட், அமைதியான இடத்தில் 0 அல்லது 255 மூன்றாவது பைட்டில் நிற்க வேண்டும். ஒவ்வொரு கோப்பையும் அப்படித் திறந்து பார்த்த பிறகே கேசட்டைப் பெட்டிக்குத் திருப்பி அனுப்புவது என்று கமிட்டியோடு பேசி வைத்திருக்கிறோம்.